புகைக்குப் பதில் ஆவி: வீட்டுக்காரருக்கு எந்தக் கருவி வாங்குவது?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 61. துணி ஆலையில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தவர். முதுகுவலிக்கும் தூக்கத்துக்கும் என்று ராத்திரி ஒரு ஸோல் சுருட்டி இழுப்பார். பாதி கஞ்சா, பாதி புகையிலை. கொல்லையில் இரண்டு செடி வளர்க்கிறார், வெளியே வாங்குவதில்லை. மூன்று மாதமாக இருமல். டாக்டர் புகையை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டார். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கும். புகைக்குப் பதிலாக, இலையை எரிக்காமல் சூடேற்றி ஆவியாக்கும் வேப்பரைசர் வாங்கிக் கொடுக்கலாம் என்கிறாள் மகள். சந்தையில் பேனா மாதிரி ஒன்று சில நூறு ராண்டுக்குக் கிடைக்கிறது. டைனாவேப் என்ற கருவி நல்லது என்கிறான் மருமகன். அமெரிக்காவில் இருக்கும் தம்பி மகன் மேசையில் வைக்கிற பெரிய கருவியை வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறான். எதை வாங்குவது? வீட்டில் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சாமி அறைக்கு வாசம் போகுமா என்றும் எனக்குக் கவலை.
— ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, கருவிக்கு முன்னால் அந்த இருமலைக் கவனியுங்கள். மூன்று மாத இருமலைப் புகையின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. நம் குவாஸூலு-நட்டாலில் காசநோய் பரவலாக இருக்கிறது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலே சளிப் பரிசோதனை செய்தாக வேண்டும். அரசு கிளினிக்கில் அதற்குக் காசு கிடையாது. புகையிலையும் சேர்ந்த பழக்கம் என்பதால் நெஞ்சு எக்ஸ்ரேயும் கேட்டு எடுங்கள். டாக்டர் ஏற்கெனவே இவற்றுக்கு அனுப்பியிருந்தால் நல்லது, இல்லையென்றால் இந்த வாரமே போய்வாருங்கள். சளியில் ரத்தம், ராத்திரி வியர்வை, உடம்பு இளைப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். முடிவு வரும்வரை புகையும் வேண்டாம், ஆவியும் வேண்டாம்.

இனி கருவி. நீங்கள் கேட்ட மூன்றும் உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

பேனாவில் தொடங்குவோம். கஞ்சாப் பூவைச் சூடேற்றும்போது ஏறக்குறைய 160 டிகிரி செல்சியஸிலிருந்து 210 வரை வேலை செய்யும் பொருள்கள் ஆவியாக வெளிவருகின்றன. 230 டிகிரியை ஒட்டி இலை கருகி எரியத் தொடங்கும். எரிந்தால் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும். ஸோல் இழுத்தபோது நெஞ்சுக்குள் போனதே அதுதான். இந்த 160க்கும் 210க்கும் நடுவில் சூட்டை நிறுத்தி வைப்பதுதான் வேப்பரைசரின் வேலை. நாம் கொடுக்கும் காசெல்லாம் அந்த ஒரு காரியத்துக்குத்தான். சந்தைப் பேனாக்கள் பலவற்றில் சூட்டை அளக்கும் ஏற்பாடே இல்லை. உள்ளே ஒரு கம்பிச் சுருள் செக்கச்செவேலென்று பழுக்கும், அதைத் தொடும் இலை எரிந்துவிடும். பெயர்தான் வேப்பரைசர், வருவது புகை. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. பயன்படுத்தியபின் கொட்டிப் பாருங்கள். வறுத்த தனியா நிறத்தில் பழுப்பாக இருந்தால் ஆவி. கருப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் நெருப்பு.

இதே பேனா வடிவத்தில் எண்ணெய் நிரப்பிய குப்பிகளும் விற்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். 2019இலும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் 2,800 பேருக்கு மேல் நுரையீரல் பாதிப்போடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். கஞ்சா எண்ணெயில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற பொருள்தான் முக்கியக் காரணமாகத் தெரிந்தது. காய்ந்த பூவைப் போடும் கருவிக்கும் அந்தக் குப்பிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் கடைக்காரர் இரண்டையும் ‘வேப்’ என்றே சொல்வார்.

டைனாவேப் நல்ல கருவிதான், மருமகன் தவறாகச் சொல்லவில்லை. பேட்டரி கிடையாது, ஒரு தடவைக்கு 0.1 கிராம் போதும், உலோகம் என்பதால் பல வருடம் உழைக்கும். ஆனால் அதைச் சூடேற்ற ஜெட் லைட்டர் வேண்டும். முனையைத் தீயில் சுழற்றிக்கொண்டே இருந்து, மூடி ‘டிக்’ என்று சத்தமிட்டதும் தீயை விலக்க வேண்டும். இரண்டு மூன்று நொடி அதிகம் காட்டினாலும் உள்ளே கருகிவிடும். இழுத்து முடித்தபின் ஆறும்போது இன்னொரு ‘டிக்’ வரும். அதற்கு முன் மறுபடி சூடேற்றினாலும் கருகும். வீங்கிய விரல், ராத்திரி நேரம், தூக்கக் கலக்கம், கையில் ஜெட் தீ. வேண்டாம் அம்மா.

அமெரிக்காவிலிருந்து வரும் மேசைக் கருவியில் சிக்கல் மின்சாரம். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட், நமக்கு 230. அந்த ஊருக்கென்று செய்த சூடேற்றும் சுருளை இங்கே மாட்டினால் மூன்றரை மடங்குக்கு மேல் சக்தி பாய்ந்து நொடியில் எரிந்துபோகும். கடையில் வாங்கும் பிளக் அடாப்டர் முள்ளின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்ட்டை மாற்றாது. தம்பி மகன் அன்பாகச் செலவழிப்பது வீணாகக் கூடாது, இப்போதே சொல்லிவிடுங்கள். யுஎஸ்பி கம்பியில் சார்ஜ் ஆகும் கையடக்கக் கருவி என்றால் எந்த ஊரில் வாங்கினாலும் இங்கே வேலை செய்யும். மேசைக் கருவிக்கு இன்னொரு குறை: லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு வந்தால் அன்றைக்கு அது சும்மா கிடக்கும். வலிக்கிற ராத்திரி பார்த்துக் கரண்ட் போனால், அலமாரியில் ஒளித்த ஸோல் வெளியே வந்துவிடும்.

அப்படியானால் எது? பேட்டரியில் ஓடும், சூட்டை எண்ணில் காட்டும், பொத்தான் பெரிதாக உள்ள, நிரப்பச் சிரமமில்லாத கருவி. எங்கள் முதல் தேர்வு ஜெர்மனியின் ஸ்டோர்ஸ் அண்ட் பிக்கல் நிறுவனத்தின் மைட்டி பிளஸ். விலை அதிகம், பல ஆயிரம் ராண்டு ஆகும். ஆனாலும் இவருக்கு இதைச் சொல்லக் காரணங்கள் இருக்கின்றன. அதன் உச்ச சூடே 210 டிகிரி, அவசரத்தில் பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் எரியும் சூட்டுக்குப் போகாது. இரண்டு கையாலும் பிடிக்கிற அளவுக்குப் பெரிது. சட்டைப்பையில் வைக்க அது குறைதான், வீங்கிய விரலுக்கு அதுவே வசதி. எல்லாவற்றையும்விட, அதற்கென்று பூவை நிரப்பும் சின்ன உலோகக் குப்பிகள் தனியாகக் கிடைக்கும், ஒன்றில் சுமார் 0.15 கிராம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை ஏழு குப்பியை நிரப்பி வைத்துவிட்டால் வாரம் முழுக்க ராத்திரியில் ஒன்றை எடுத்துப் போடுவதோடு வேலை முடிந்தது. எவ்வளவு இழுக்கிறார் என்ற கணக்கும் உங்கள் கண்ணில் இருக்கும். பேட்டரியை நாமே மாற்ற முடியாது என்பதுதான் அதன் பெரிய குறை. உத்தரவாதச் சீட்டும் ரசீதும் பத்திரமாக இருக்கட்டும்.

அவ்வளவு செலவழிக்க முடியாவிட்டால் கனடாவின் அரைஸர் சோலோ 2 பார்க்கலாம். இதில் இலை போவது கண்ணாடிக் குழாயின் அடியில். கண்ணாடி என்பதால் சுவை சுத்தம், கழுவுவது எல்லாவற்றிலும் எளிது. கை நடுங்கினால் குழாய் விழுந்து உடையும் என்பது ஒன்று, ஆகவே உபரிக் குழாய் இரண்டு சேர்த்து வாங்குங்கள். இன்னும் கீழே இறங்கினால் எக்ஸ்மேக்ஸ் வி3 ப்ரோ. விலைக்கு நியாயமான கருவி, 18650 என்ற பேட்டரியைக் கழற்றி மாற்றலாம், லோட்ஷெடிங் நாளுக்கு உபரி பேட்டரி வைத்துக்கொள்ளலாம். ஆனால் சின்ன பொத்தான், இலை போடும் அறையும் சின்னது, நிரப்பும்போது விரலில் நிதானம் வேண்டும், அதிகச் சூட்டில் வாய்முனையும் சுடும். இதற்கும் கீழே போகாதீர்கள். எதை வாங்கினாலும் தயாரித்த நிறுவனம் தன் விற்பனையாளர் என்று ஒப்புக்கொண்ட கடையில் வாங்குங்கள். பேர்பெற்ற கருவிகளுக்குப் போலிகள் உண்டு, சூடான காற்று போகும் வழியில் அவை என்ன பிளாஸ்டிக்கை வைத்திருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது. அந்த வழியில் கண்ணாடி, பீங்கான், துருப்பிடிக்காத எஃகு இருக்க வேண்டும். பிளாஸ்டிக் இருந்தால் பீக் என்ற சூடு தாங்கும் வகையாக இருக்க வேண்டும்.

கடையில் கடத்தல், சலனம் என்று இரண்டு வகை சொல்வார்கள். கடத்தல் என்றால் தோசைக்கல் போல: சுவர் சூடாகி அதைத் தொடும் இலை சூடாகும், நடுவில் இருப்பது வேகாமல் கிடக்கும், பாதியில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். சலனம் என்றால் சூடான காற்று இலைக்குள் புகுந்து போகும், சீராக இருக்கும், ஆனால் இழுக்கிற வேகம் பழக வேண்டும். மைட்டி இரண்டும் கலந்தது. முதல் கருவிக்குக் கலப்புதான் நல்லது.

இப்போது முக்கியமான இடம். கருவி வாங்கிக் கொடுத்த வீடுகளில் பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். உங்கள் வீட்டுக்காரர் கஞ்சாவை மட்டும் இழுக்கவில்லை, தினமும் நிகோடினும் எடுக்கிறார். வேப்பரைசரில் புகையிலை போடவே கூடாது. ஆக முதல் ராத்திரியே நிகோடின் நின்றுபோகும். அடுத்த இரண்டு மூன்று நாள் எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை எல்லாம் உச்சத்துக்கு வரும். மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாகத் தணியும். அவர் அதை நிகோடின் ஏக்கம் என்று நினைக்க மாட்டார். “இந்த மெஷின் வேலை செய்யவில்லை, பழைய மாதிரி இல்லை” என்றுதான் சொல்வார். நீங்களும் நம்பி, இவ்வளவு காசு போட்டது வீண் என்று வருந்துவீர்கள். கருவி வீட்டுக்கு வருவதற்கு முன்பே மருந்தகத்தில் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையோ சூயிங்கமோ பற்றிக் கேளுங்கள், ரத்த அழுத்த மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு பழக்கத்தையும் ஒரே நாளில் குழப்பாமல், முதலில் இரண்டு வாரம் ஸோலில் புகையிலையைக் குறைத்துக்கொண்டே வருவோம் என்று சிலர் நினைப்பார்கள். இருமலோடு இருப்பவருக்கு அது சரிப்படாது. பட்டையைப் போட்டுக்கொண்டு ஒரேயடியாக மாறுவதே மேல்.

முதல் நாள் செய்ய வேண்டியது. புதுக் கருவியை இலை போடாமல் உச்ச சூட்டில் வைத்து, அது தானாக அணையும்வரை விட்டு, இப்படி இரண்டு மூன்று தடவை ஓட்டுங்கள். ஆலை எண்ணெயின் வாடை போகும். திரையில் 374 என்று காட்டினால் பதற வேண்டாம், அது ஃபாரன்ஹீட், நம் கணக்கில் 190 டிகிரி. மைட்டியில் கூட்டல் கழித்தல் பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் செல்சியஸுக்கு மாறும்.

பூவைத் தூளாக்கும் அளவும் முக்கியம். மாவு போல அரைத்தால் கருவிக்குள் இருக்கும் வலையை அடைத்துக்கொள்ளும், கையால் பிய்த்துப் போட்டால் உள்ளே சூடு இறங்காது. ரவையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் சரி. விரலால் திருகும் கிரைண்டர் இவருக்கு வலிக்கும். சிறிய கண்ணாடித் தம்ளரில் பூவைப் போட்டுக் கத்தரிக்கோலை உள்ளே விட்டு நறுக்கலாம், அல்லது கைப்பிடி சுற்றும் வகை கிரைண்டர் வாங்கலாம். குப்பியை நிரப்பும்போது அமுக்கித் திணிக்காதீர்கள், காற்று போக இடம் வேண்டும்.

வீட்டில் விளைந்தது என்பதால் ஈரத்தைப் பாருங்கள். டர்பனின் கடற்காற்றில், அதுவும் கோடையில், காய்ந்தது போல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். காம்பை வளைத்தால் ‘படக்’ என்று ஒடிய வேண்டும், வளைந்து கொடுத்தால் இன்னும் காயவில்லை. ஈரப் பூ கருவிக்குள் வேகும்போது முதலில் வருவது தண்ணீர் ஆவி, அது தொண்டையைச் சுடும். “ஆவியும் காட்டமாகத்தான் இருக்கிறது” என்ற புகார் பாதி நேரம் இதனால்தான். காய்ந்ததைக் கண்ணாடிச் சாடியில் போட்டு முதல் இரண்டு வாரம் தினமும் ஒருமுறை திறந்து மூடுங்கள். பின்னர் ஈரப்பதத்தை 62 சதவீதத்தில் நிறுத்தி வைக்கும் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு வைக்கலாம். வெள்ளைப் பூச்சு, பழைய துணி வாடை வந்தால் சாடியோடு கொட்டிவிடுங்கள். கருவியின் சூட்டில் பூஞ்சை செத்துப்போகும் என்று நம்பி இழுப்பது நுரையீரலுக்கு ஆபத்து. பூ வந்தபின் செடியில் பூச்சி மருந்தும் அடிக்கக் கூடாது.

இழுக்கும் முறையை அவர் புதிதாகப் பழக வேண்டும். 180 டிகிரியில் தொடங்கட்டும். சிகரெட்டை உறிஞ்சுவது போல் வெடுக்கென்று இழுத்தால் காற்று ஆறிப்போய் ஒன்றும் வராது. கெட்டியான மாம்பழச் சாற்றை ஸ்ட்ராவில் மெதுவாக இழுப்பது போல் எட்டுப் பத்து நொடி இழுக்க வேண்டும். முதல் இரண்டு இழுப்பில் கண்ணுக்கு எதுவும் தெரியாது, அது குறையல்ல. தெரியவில்லையே என்று சூட்டை உச்சத்துக்கு ஏற்றி அடுத்தடுத்து இழுப்பதுதான் தலைசுற்றலுக்கும் படபடப்புக்கும் வழி. நான்கு இழுப்பு, பிறகு பதினைந்து நிமிடம் காத்திருக்கச் சொல்லுங்கள். எரிவதில் வீணாகும் பங்கு இங்கே வீணாவதில்லை, ஆகவே ஸோலில் போட்ட அளவில் பாதிக்கும் குறைவாகத் தொடங்குவதே சரி. போதவில்லையென்றால் அடுத்த ராத்திரி 190, அதற்கடுத்து 200. மூச்சை உள்ளே அடக்கி வைப்பதால் பயனில்லை, இருமல்தான் வரும்.

அவருடைய மாத்திரைகளையும் மறக்கக் கூடாது. கஞ்சா நாடித்துடிப்பை ஏற்றும், எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தை இறக்கும். ரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தால் கட்டிலிலிருந்து எழுந்ததும் கண் இருட்டும். உட்கார்ந்து இழுத்து, ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்து, பிறகு எழட்டும். கழிவறைக்குப் போகும் வழியில் சிறு விளக்கு இருக்கட்டும். சர்க்கரைக்காரருக்குப் பின்னிரவுப் பசி ஒரு தொல்லை, அலமாரியில் முறுக்கும் லட்டுவும் கைக்கெட்டாமல் இருப்பது நல்லது. பின்னாளில் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுத்தால், கஞ்சா எடுப்பதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது, ரத்தப்போக்கு ஆபத்து கூடும். இதயத்தில் அடைப்பு, ஸ்டென்ட் என்று ஏதாவது இருந்தால் ஆவியும் வேண்டாம். தூக்க மாத்திரையோடும் மதுவோடும் சேர்க்கக் கூடாது. இழுத்த ராத்திரி வண்டி எடுக்கக் கூடாது.

ஒவ்வொரு தடவையும் கருவியில் இலை போடும் அறை இளஞ்சூட்டில் இருக்கும்போதே தூரிகையால் துடைத்துவிட்டால் பெரிய வேலை வராது. வாரம் ஒருமுறை வாய்முனையையும் வலையையும் கழற்றி, 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். வாடை முழுக்கப் போய்க் காய்ந்த பிறகே மறுபடி சூடேற்ற வேண்டும், ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும். பிசின் அடைத்த கருவியில் இழுக்கக் கஷ்டமாகும், அதனால் வேகமாக இழுப்பார், அதனால் ஆவி குறையும், அதனால் சூட்டைக் கூட்டுவார். இப்படித்தான் நல்ல கருவியும் கெட்ட பேர் வாங்கும். சார்ஜ் போடுவது மேசை மேல்தான், மெத்தை மேல் அல்ல. வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்கவும் கூடாது.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பர் 18 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் பெரியவர்கள் தனிப்பட்ட இடத்தில் தமக்கென்று கஞ்சா வைத்திருப்பதும் வளர்ப்பதும் குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. அதையொட்டிய சட்டத்தில் 2024 மே மாதம் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். விற்பது இன்னமும் குற்றம். 1870இல் நட்டால் அரசு கரும்புத் தோட்டத்து நம் முன்னோர்கள் கஞ்சா வைத்திருப்பதையே தடை செய்தது. அந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு, கொல்லைச் செடி இன்று யாருக்கும் பயப்படாமல் நிற்பதன் அருமை புரியும். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பயன்படுத்தக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மொரிஷியஸுக்கோ இந்தியாவுக்கோ கல்யாணத்துக்குப் போனால் கருவி வீட்டிலேயே இருக்கட்டும். உள்ளே ஒட்டியிருக்கும் பிசின் போதும், விமான நிலையத்தில் சிக்கலில் மாட்ட.

பேரப்பிள்ளைகள் விஷயத்தில் செடியைவிட, பூவைவிட, பயன்படுத்திய பழுப்புத் தூள்தான் அதிக ஆபத்து. பார்க்கத் தனியாத் தூள் போலவே இருக்கும், அதில் வீரியம் மிச்சமிருக்கும், ஏற்கெனவே சூடானதால் அப்படியே தின்றாலும் வேலை செய்யும். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான் ஏறும் என்பதால் பிள்ளை என்ன தின்றது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். சமையலறை டப்பாவில் ஒருநாளும் போட்டு வைக்காதீர்கள். அன்றன்றைக்கே ஈர மண்ணில் கலந்து கொட்டிவிடுங்கள், நாய் தோண்டாத இடமாகப் பார்த்து.

சாமி அறைக்கு வாசம் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். ஸோல் போல் திரைச்சீலையிலும் தலைமுடியிலும் ஒட்டாது. வறுத்த மூலிகை வாடை கொஞ்ச நேரம் இருந்து, ஜன்னலைத் திறந்தால் அடங்கிவிடும். வாடையே இல்லை என்று சொல்ல மாட்டோம். பின்பக்கத் திண்ணையில், சாமி அறை ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இழுக்கட்டும். முடிந்ததும் கருவியைத் துடைத்து, ரப்பர் வளையம் உள்ள மூடி போட்ட சாடியில் வைத்துவிட்டால் அலமாரியிலும் வாசம் வராது.